வாக்கியப்படி தாமதமில்லை

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பது என் தொழில். திருநள்ளாற்றில் பெயர்ப்பு என்றால் யாருக்கும் பிடிபடாது, பெயர்ச்சி என்றால்தான் பிடிபடும். ‘மொழிபெயர்ப்பு’ என்று வாசலில் பலகை மாட்டிய வாரமே ஒரு பெரியவர் படியேறி வந்தார்.

“மொழிப்பெயர்ச்சி என்னைக்கு தம்பி? எந்த ராசிக்கு ஆகாது?”

“மொழிபெயர்க்கிறவன் ராசிக்குங்க” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

இந்தத் தொழிலுக்கு எங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சனி பகவான் ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருடம் எடுத்துக்கொள்கிறார். நானும் ஒரு நாவலுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் எடுத்துக்கொள்கிறேன். வடமொழியில் ‘சனைச்சர’ என்றால் மெல்ல நடப்பவர். மந்தன் என்றும் ஒரு பெயர் உண்டு. மெல்ல நடக்கும் அவருக்குச் சன்னதி, எனக்கு நினைவூட்டல் மின்னஞ்சல்.

2023-இல் திருக்கணிதப்படி அவர் ஜனவரி 17-ஆம் தேதியே கும்பத்துக்குப் போய்விட்டார். வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. எங்கள் கோயில் வாக்கியம், ஆகவே கூட்டமும் டிசம்பரில்தான். பதினோரு மாத வித்தியாசத்துக்கு அவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அந்த வருடம் ஜனவரியில் தர வேண்டிய ஒரு கையெழுத்துப் பிரதிக்காக வெளியூர்ப் பதிப்பாசிரியர் அம்மையார் ஒருவர் தொலைபேசியில் கொதித்தார். “நீங்கள் திருக்கணிதம் மேடம், நான் வாக்கியம்” என்றேன். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று கேட்டார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கூலி விஷயம் தனிச் சோகம். பரிகாரப் புத்தகம் போடும் ஒரு கடைக்காரர், மூலத்தில் உள்ள சொல்லை எண்ணிக் காசு தருவார். ‘வரமுடியாதவர்களுக்கும்’ என்பது தமிழில் ஒரு சொல். ‘ஈவன் ஃபார் தோஸ் ஹூ கேனாட் கம்’ என்று ஆறு சொல்லாக அதை இறக்கி வைத்துவிட்டு ஒரு சொல்லுக்குக் காசு வாங்கினேன். ஜப்பானில் ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவர்களுக்கு மூலத்தின் எழுத்தை எண்ணித் தருகிறார்கள், ஜப்பானிய மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளியே விடுவதில்லை என்று எடுத்துச் சொன்னேன். கடைக்காரர் யோசித்தார். தமிழ் படித்தவர். “சரிங்க. ஆனா மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதானே? பாதிக் கூலி போட்டுக்கிறேன்.” சொல் கணக்கே போதும் என்று திரும்பிவிட்டேன்.

எங்கள் காரைக்கால் வட்டாரம் 1739-இலிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, நடுவில் சில முறை ஆங்கிலேயர் பிடித்துத் திருப்பிக் கொடுத்தது போக. பாட்டன் காலத்தில் பக்கத்து நாகப்பட்டினத்தில் ஆங்கிலம் ஆட்சிமொழி. அவருக்கு அது அண்டை நாட்டு மொழி. அதனால் பழைய பிறப்புப் பதிவெல்லாம் பிரெஞ்சில் கிடக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டும் ஆள் வருவார்கள், கற்ற அரைகுறைப் பிரெஞ்சை வைத்துச் சமாளிக்கிறேன். முருகையன் என்ற பெயரில் ‘உ’ ஒலிக்கும் இடமெல்லாம் பிரெஞ்சு எழுத்தர் ஓ, யூ என்று இரண்டு எழுத்துப் போட்டிருப்பார். பேரனிடம் உள்ள காகிதங்களிலோ தாத்தா பெயருக்கு ஒற்றை யூ. இருந்தபடியே விட்டால் இவர் வேறு ஆள் என்கிறது ஓர் அலுவலகம். ஒற்றை யூ ஆக்கினால் ஆவணத்தைத் திருத்திவிட்டாய் என்கிறது இன்னொன்று. ஓர் ‘ஓ’வால் தாத்தாவை இழந்த பேரன்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

இத்தனைக்கும் எங்கள் ஊர்ப் பதிகம் நெருப்பிலேயே வேகாதது. மதுரையில் அனல்வாதத்தின்போது சம்பந்தர் திருநள்ளாற்றுப் பதிகம் எழுதிய ஏட்டைத்தான் தீயில் இட்டாராம். பச்சையாகவே திரும்பி வந்ததாம். பச்சைப் பதிகம் என்று பெயரே வந்துவிட்டது. நான் அனுப்பும் ஏடெல்லாம் சிவப்பாகத்தான் திரும்பி வருகிறது. போன மாதம் ‘எள் தீப’த்தின் பக்கத்தில் பதிப்பாசிரியர் கேள்வி போட்டிருந்தார்: எள்ளால் செய்த விளக்கா, எள்ளுக்காக ஏற்றும் விளக்கா? இரண்டும் இல்லை அம்மா, கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து நல்லெண்ணெயில் எரிப்பது என்று ஏழு வரியில் அடிக்குறிப்பு எழுதினேன். அதன்மேலும் சிவப்பு: ‘குறிப்பு நீளம்.’

இந்தக் கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் கேட்டிருந்தார்கள். இன்று சனிக்கிழமை. நளதீர்த்தத்திலிருந்து கோயில் வரை நடக்க இடமில்லை.