அத்திப்பட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் செய்முறைக் கையேடு

அத்திப்பட்டு வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் செய்து பார்த்துப் படிக்க வசதியில்லை என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. ஊரையே சோதனைச்சாலையாக்கி வைத்திருக்கிறார்கள். கையேடு ஒன்றுதான் பாக்கி. இதோ.

சோதனை 1: திடப்பொருள்.
தேவையானவை: வெள்ளைத்தாள், சன்னல்.
செய்முறை: தாளை இரவு சன்னலோரம் வைத்து, காலையில் விரலால் தடவு.
காண்பன: விரல் நுனியில் சாம்பல் நிறத் தூள்.
அறிவன: மேலிடத்தில் அனுமதி வாங்கிய பிறகு எழுதவும்.

சோதனை 2: கணக்கு.
வல்லூர் அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகள் 1,830 மெகாவாட். ஒடிசாவிலிருந்து கப்பலேறி வரும் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்காவது சாம்பல். அப்படியானால் 3 டன் எரித்தால் மிஞ்சுவது எவ்வளவு?
காண்பன: ஐந்தாம் வகுப்புப் பிள்ளை யோசிக்காமல் "ஒரு டன் சார்" என்கிறது.
அறிவன: "அந்த ஒரு டன் எங்கே சார் போச்சு?" என்று அடுத்துக் கேட்டால் உட்காரச் சொல்லவும். செப்பாக்கம் சாம்பல் குளமும், குழாய் ஒழுகிச் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆறும் பாடத்திட்டத்தில் இல்லை.

சோதனை 3: ஒளி.
தேவையானவை: குத்துவிளக்கு, பேனர், பொன்னாடை, கேமரா, 'ஸ்டெம் கிட்' ஒன்று.
செய்முறை: கிட்டைப் பிள்ளையின் கையில் கொடு. சிரிக்கச் சொல். படம் எடு. கிட்டைத் திரும்ப வாங்கி பீரோவில் பூட்டு. சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடு; உடைந்தால் அவர்தான் பொறுப்பு என்றும் சொல்லிவை.
காண்பன: நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வழவழப்பான ஒரு பக்கம்.
அறிவன: சட்டப்படி சமூகப் பொறுப்புக்கு மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம். மிச்சம் 98 சதவீதத்துக்குப் பொறுப்பே கிடையாது.

கையேடு முடிந்தது. இனி நேராகவே பேசுவோம்.

2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் 'வானவில் மன்றம்' தொடங்கினார்கள். அறிவியலைச் செய்து காட்ட 13,210 அரசுப் பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் மட்டும். ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைக்குக் கை முளைக்காது என்று எந்த விஞ்ஞானி சொன்னார்?

கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். அந்த இரண்டு பேரும் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றிவிட்டு நிமிர்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. காந்தத்தை எப்போது எடுப்பார்கள், காகிதக் கப்பலை எப்போது மிதக்க விடுவார்கள்? இந்த லட்சணத்தில், மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024–25க்கான 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை டெல்லி பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டு அரசுகளுக்கும் நடந்த மல்லுக்கட்டில் மிதிபட்டது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை.

இதெல்லாம் வெறும் அசட்டை என்று நான் நம்பவில்லை. அளக்கப் பழகிய பிள்ளை கிட்டோடு நிற்காது. ஆற்றையும் அளக்கும், காற்றையும் அளக்கும். பிறகு அளவை எழுதிக்கொண்டு வந்து கேள்வி கேட்கும். அதற்குப் பதில் சொல்ல இங்கே யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

இருக்கிறது என்றால், வகுப்புக்கு ஓர் ஆசிரியரைப் போடுங்கள். பீரோவைத் திறந்து விடுங்கள். சன்னலில் படியும் சாம்பலைப் பிள்ளைகளே எடைபோட்டு, தினமும் பள்ளிக் கரும்பலகையில் எழுதட்டும். அதற்கு மனமில்லாதவர்கள் அடுத்த குத்துவிளக்கைத் தங்கள் அலுவலகத்திலேயே ஏற்றிக்கொள்ளட்டும். பள்ளிக்கூடப் பக்கம் வர வேண்டாம்.