மைல் நாணயச்சாலை அதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அமெரிக்கன், யுனைடெட், டெல்டா என்னும் மூன்று அமெரிக்க ஆகாய விமானக் கம்பெனிகளிலும் மைல் இலாகாவைப் பரிபாலித்துவரும் கனம் பொருந்திய அதிபர்கள் சமூகத்துக்கு, சென்னையிலிருந்து பாங்கி உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

நாணயம் அடிக்கும் அதிகாரம் ஆதிகாலந்தொட்டு முடிதரித்த மன்னர்களுக்கும், பிற்காலத்தில் அவர்களுடைய ஸ்தானத்தில் அமர்ந்த சர்க்கார்களுக்கும் மட்டுமே உரிய பாத்தியதையாக இருந்துவந்தது; அதற்கு ஆசைப்பட்ட மற்றவர்கள் ஒன்று யுத்தம் செய்தார்கள், அல்லது கள்ள நாணயம் அடித்துச் சிறைக்குப் போனார்கள். தாங்களோ ஒரு துளி இரத்தம் சிந்தாமலும் ஒரு நாள் காவலில் இராமலும் அந்த அதிகாரத்தை அடைந்தீர்கள். 1981-ஆம் வருஷம் மே மாதம் 1-ஆம் தேதி அமெரிக்கன் கம்பெனியார், பறந்த தூரத்தை மைலாக வரவு வைத்து அதற்கு ஈடாக ஆசனம் தரும் தம்முடைய மைல் திட்டத்தை வெளியிட, சில நாட்களுக்குள் யுனைடெட் கம்பெனியாரும், அந்த வருஷம் முடிவதற்குள் டெல்டாவும் பின்தொடர, உலகத்தில் மூன்று புதிய நாணயங்கள் பிறந்துவிட்டன. அவற்றுக்குப் பொன்னும் ஆதாரமில்லை, வெள்ளியும் ஆதாரமில்லை. காலியாகப் போகக்கூடிய ஓர் ஆசனமே ஆதாரம்.

இந்த மூன்றில் எது உயர்ந்தது என்று ஒப்பிட்டுச் சொல்லும்படி நியூ ஜெர்ஸியில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன் என்னைக் கேட்டுக்கொண்டான். "மாமா, வட்டிக் கணக்குப் பார்த்தே ஆயுசைக் கழித்தவர் நீங்கள், இது உங்களுக்கு எம்மாத்திரம்?" என்றான். புகழ்ச்சிக்கு மயங்காதவன் என்று என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லையாகையால் ஒப்புக்கொண்டேன்.

கணக்கின் முறை என்னவோ சுலபமானதுதான். ஓர் ஆசனத்தின் ரொக்க விலை 480 டாலர் என்றும், அதே ஆசனத்துக்குத் தாங்கள் கேட்பது 40,000 மைலும், தாங்களும் தள்ளுபடி செய்ய முடியாத பாதுகாப்புக் கட்டணமான 5 டாலர் 60 சென்ட்டும் என்றும் வைத்துக்கொள்வோம். ரொக்க விலையிலிருந்து அந்தக் கட்டணத்தைக் கழித்து மிச்சத்தை மைலால் வகுத்தால் ஒரு மைல் ஏறக்குறைய 1.2 சென்ட் பெறும். இத்தோடு கணக்கை மூடிவிட்டு எழுந்திருப்பவன் பாக்கியசாலி. விலை கொஞ்சமும் மாறாத மறுநாள் ஆசனத்துக்கு மைல் 95,000 என்று திரையில் காட்டும் வழக்கமும் தங்களிடம் இருப்பதால், முதல் நாள் 1.2 சென்ட்டாக இருந்த அதே மைல் மறுநாள் அரை சென்ட்டாகிவிடுகிறது. நான் பாங்கியில் இருந்த காலத்தில் ரூபாயின் மதிப்பும் குறைந்ததுண்டு. ஆனால் அதற்குச் சில வருஷங்களாவது ஆயின, நிதி மந்திரியாவது வந்து வருத்தம் தெரிவித்தார்.

முன்பு இப்படி இருந்ததில்லை என்று விஷயமறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். எந்தக் கண்டத்திலிருந்து எந்தக் கண்டத்துக்கு எத்தனை மைல் என்று அட்டவணை போட்டு வெளியிட்டிருந்தீர்கள். 2015-இல் டெல்டாவும் 2019-இல் யுனைடெட்டும் தம் விமானங்களுக்குரிய அட்டவணையை எடுத்துவிட்டார்கள். அமெரிக்கன் கம்பெனியாரும் நாளடைவில் அந்த வழிக்கே வந்து சேர்ந்தார்கள். கெஜக்கோலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வருகிறவர் முகத்தைப் பார்த்துக் கையால் முழம் போடுகிற ஜவுளிக் கடைக்காரரிடம் துணி வாங்குவதற்கும், அந்தக் கடைக்கும் எதிர்க் கடைக்கும் எது மலிவு என்று ஒப்பிடுவதற்கும் எவ்வளவு சாமர்த்தியம் வேண்டுமோ, அவ்வளவும் இப்போது தங்கள் பிரஜைகளுக்கு வேண்டியிருக்கிறது.

பிரஜைகளின் இந்தச் சிரமத்தைத் தீர்ப்பதற்கென்றே மாதந்தோறும் 'இன்ன கம்பெனி மைல் இத்தனை சென்ட்' என்று மதிப்புப் பட்டியல் பிரசுரிக்கும் நிபுணர்கள் தோன்றியிருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு, மைல் தரும் கடன் அட்டைக் கம்பெனிகளிடமிருந்து, அட்டை வாங்கவைத்த ஆள் கணக்குக்குத் தரகு வருகிறது என்பதை அவர்களே பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒப்புக்கொள்ளுகிறார்கள். பெண் வீட்டாரிடம் கூலி வாங்கிக்கொண்டு பெண்ணின் அழகுக்கு மதிப்பெண் போடும் இந்தக் கைங்கரியத்தில் மதிப்பெண் பெரும்பாலும் தாராளமாகவே விழும். அவர்களுடைய மந்திரக்கோல் பிசினஸ் கிளாஸ் ஆசனம். 6,000 டாலர் விலையுள்ள ஆசனம் 80,000 மைலுக்குக் கிடைத்தால் ஒரு மைல் ஏழரை சென்ட் என்று எழுதி ஆனந்திப்பார்கள். படுத்துக்கொண்டு பறப்பதற்காகத் தன் சொந்தப் பணத்தில் 6,000 டாலரை ஒருநாளும் எடுத்துக் கொடுக்க மாட்டாத ஒரு மனிதனுக்கு, அந்த ஆசனத்தால் 6,000 டாலர் லாபம் வந்ததாக எழுதும் கணக்கை எங்கள் பாங்கியில் ஒரு குமாஸ்தா எழுதியிருந்தால், அன்று மாலையே ஏஜெண்டின் அறைக்கு அழைக்கப்பட்டிருப்பான்.

தங்கள் நாணயத்தின் செல்வாக்கைப் பற்றிச் சொல்லும்போது, 1999-இல் கலிபோர்னியாவில் ஒரு பொறியாளர் 3,000 டாலருக்குச் சற்று அதிகமாகச் செலவிட்டு 12,150 கிண்ணம் புட்டிங் வாங்கி, விற்பனை விளம்பரமாக மைல் அளிக்கப்பட்ட அவற்றின் சீட்டுகளுக்காகப் பன்னிரண்டரை லட்சம் மைல் சம்பாதித்ததையும், சீட்டுகளைக் கிழித்துத் தருவதற்குக் கூலியாக அந்தப் புட்டிங்கையே ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்துவிட்டதையும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் என் மனசைக் கவர்ந்தது அதுவன்று. அமெரிக்க சர்க்காரின் நாணயச்சாலை, ஒரு டாலர் காசுகளை ஜனங்களிடையே புழங்கவைக்க விரும்பி, 250 காசு கொண்ட பெட்டிகளை அசல் விலைக்கே, தபால் கூலியும் இல்லாமல், வீட்டுக்கே அனுப்பிவைக்கும் ஏற்பாடு ஒன்றை 2008-இல் தொடங்கியது. விவேகிகள் கடன் அட்டையைக் காட்டிப் பெட்டி பெட்டியாகத் தருவித்தார்கள். அட்டை ஒவ்வொரு டாலருக்கும் மைல் கொடுத்தது. வந்த காசை நேரே பாங்கியில் கட்டி அட்டைக் கடனைத் தீர்த்தார்கள். சில பெட்டிகள் நாணயச்சாலையின் ஒட்டுக்கூடப் பிரிபடாமல் பாங்கி மேஜைக்கு வந்து சேர்ந்தனவாம். 2011-இல் சர்க்கார் அட்டையை மறுத்து இந்தத் திருவிழாவை நிறுத்தும்வரையில், உலகத்தின் மிகப் பெரிய வல்லரசின் நாணயச்சாலை தங்கள் நாணயச்சாலைக்குப் பாரம் சுமந்துகொண்டிருந்தது. எந்த சாம்ராஜ்யம் எதனிடம் கப்பம் வாங்குகிறது என்பதில் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை.

இதை நான் விகடமாகச் சொல்லவில்லை. கொள்ளை நோய் காரணமாக விமானங்கள் தரையில் நின்ற 2020-இல், யுனைடெட் கம்பெனியார் தம்முடைய மைல் திட்டத்தை ஈடு காட்டி 680 கோடி டாலர் கடன் பெற்றபோது, அந்தத் திட்டத்தின் மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர் என்று கணக்குக் காட்டினார்கள். பங்குச் சந்தையில் அப்போது கம்பெனி முழுவதற்கும் இருந்த விலையோ ஏறக்குறைய அதில் பாதிதான். முழுதைவிடப் பகுதி பெரிதாயிருக்குமானால், எஞ்சிய பகுதியின் விலை என்னவென்று எந்த ஆரம்பப் பாடசாலை மாணவனும் சொல்லிவிடுவான்: விமானங்கள், விமானிகள், யந்திர நிபுணர்கள், பணிப்பெண்கள், பிளாஸ்டிக் கோப்பையில் வரும் காப்பி, இவை அத்தனையும் சேர்ந்து பூஜ்யத்துக்கும் கீழே. டெல்டாவும் அமெரிக்கனும் அதே வழியில் முறையே 900 கோடியும் 1,000 கோடியும் திரட்டினார்கள். 2024-ஆம் வருஷத்தில் டெல்டாவுக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டைக் கம்பெனி மாத்திரம், பெரும்பாலும் மைல்களின் விலையாக, சுமார் 740 கோடி டாலர் செலுத்தியது.

ஆகவே தங்கள் சமூகத்துக்கு என் முதல் பிரார்த்தனை: விமானம் விடுவதை நிறுத்திவிடுங்கள். எரிபொருள் விலை, மூடுபனி, தொழிலாளர் சங்கம், கைப்பையை மேலே வைக்க இடமில்லை என்று சச்சரவிடும் எங்களைப் போன்ற பிரயாணிகள், இவையெல்லாம் ஒரு கௌரவமான நாணயச்சாலைக்கு எதற்கு? அந்தத் திசையில் தாங்கள் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதும் தெரிந்ததே. பறந்த தூரத்துக்கு மைல் என்ற பழைய தர்மத்தை 2015-இலும் 2016-இலும் மூவரும் கைவிட்டு, சாமானிய அங்கத்தினனுக்கு டாலர் ஒன்றுக்கு ஐந்து மைல், பட்டம் பெற்ற அங்கத்தினரில் உச்சிப் படியில் நிற்பவருக்குப் பதினொன்று என்று விதித்தீர்கள். மலிவான டிக்கெட்டில் நியூயார்க்கிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோ வரையில் முட்டி மடக்கிப் போகிறவனைவிட, அவசரமாகப் பக்கத்து ஊருக்கு விலை உயர்ந்த டிக்கெட்டில் பறப்பவர் அதிகம் சம்பாதிக்கிறார். 2023-இல் டெல்டாவார் இன்னும் ஒரு படி மேலே போய், பட்டம் வேண்டுமானால் செலவழித்துக் காட்டு என்று நிபந்தனைகளை இறுக்கியபோது ஜனங்கள் போட்ட கூச்சலில், எல்லை மீறிவிட்டோம் என்று அவர்களுடைய தலைமை அதிகாரியே ஒப்புக்கொண்டு சிலவற்றைத் தளர்த்த வேண்டியதாயிற்று. விமானம் என்ற ஒன்று இல்லாதிருந்தால் இந்தக் கூச்சலே எழுந்திராது.

டெல்டாவும் யுனைடெட்டும் தங்கள் மைல் ஒருநாளும் காலாவதியாகாது என்று வரம் கொடுத்திருப்பதை நான் மறக்கவில்லை. சிரஞ்சீவித்துவம் பெரிய வரந்தான். ஆனால் ஆயுசு வளர வளர உடம்பு மெலிந்துகொண்டே போகாதிருக்கவும் சேர்த்து வரம் கேட்டிருக்க வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை, தாங்களும் கொடுக்கவில்லை.

இப்படியாக என் தமக்கை மகனுக்கு மூன்றுக்கும் பொதுவாக எழுதிய தீர்ப்பு சுருக்கமானது. டாலருக்கு இரண்டு சென்ட் ரொக்கமாகவே திருப்பிக் கொடுக்கும் அட்டைகள் அந்த நாட்டில் உண்டு. டாலருக்கு ஒரு மைல் கொடுக்கிற அட்டை அதற்குச் சமானமாக வேண்டுமென்றால் மைல் இரண்டு சென்ட்டாவது பெற வேண்டும். சாதாரண ஆசனத்தில் அது அபூர்வமாகவே பெறும். இதை எழுதியும் அவன் மைல் அட்டையை விடவில்லை. ரொக்கம் மளிகைக் கடைக்குப் போய்விடுகிறது, மைல் என்றால் டோக்கியோவைப் பற்றி யோசிக்கலாம் என்கிறான். இதற்கு வட்டிக் கணக்கில் பதில் இல்லை.

விமானத்தை நிறுத்த மனம் வராவிட்டால், எடுத்துவிட்ட அட்டவணையைத் திரும்ப மாட்டும்படியும், மதிப்பைக் குறைப்பதற்கு ஆறு மாதம் முன்னதாகவாவது பிரகடனம் செய்யும்படியும் வேண்டிக்கொள்ளுகிறேன். 2024 செப்டம்பரில் தங்கள் நாட்டுப் போக்குவரத்து இலாகாவே தங்கள் மூவரிடமும், ஸவுத்வெஸ்ட் கம்பெனியிடமும் இத்தகைய விஷயங்களைப் பற்றி விளக்கம் கேட்டது. அவர்கள் கேட்டதை நான் கேட்பதில் குற்றமிராது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் பயமில்லாமல் இல்லை. பிற்பாடு டெல்டாவோடு ஐக்கியமாகிவிட்ட நார்த்வெஸ்ட் கம்பெனியின் மைல் திட்டத்தில் உயர்ந்த பட்டம் வகித்த ஒரு யூத மதகுருவை, ஏழெட்டு மாத காலத்தில் 24 முறை குறை சொன்னார் என்பதற்காக 2008-இல் அங்கத்தினர் ஜாபிதாவிலிருந்து நீக்கினார்கள். அவர் வழக்காடினார். விமானப் போக்குவரத்தின் கட்டுப்பாடுகளை அகற்றிய 1978-ஆம் வருஷத்துச் சட்டம் குறுக்கே நிற்பதால், நல்லெண்ணத்தோடு நடந்திருக்க வேண்டும் என்ற எழுதாத கடமையைக் காட்டி அவர் பரிகாரம் பெற முடியாதென்று உச்ச நீதிமன்றம் 2014-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆகையால் இந்த விண்ணப்பத்திலுள்ள குறைகளை எண்ணிப் பார்த்தேன். எப்படிக் கூட்டினாலும் ஆறுக்கு மேல் போகவில்லை. மதகுருவின் தொகையையே தாங்கள் எல்லையாகக் கொள்ளுவதானால் இன்னும் 18 என் கணக்கில் இருப்பு நிற்கின்றன. அவற்றைக் குடும்பத்தார் பெயருக்கு மாற்றிக்கொடுக்கலாமா, அதற்குக் கட்டணம் உண்டா என்பதைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளும்,

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
பட்டம் எதுவும் பெறாத அங்கத்தினன்.