எய்டு வந்துடுச்சா?

1991-இல் திருச்சியில் கணினியியல் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு எதிர்காலம் முழுவதும் ஒரே எண்ணில் அடங்கியிருந்தது. அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போக எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் அப்போது மூன்று பிரிவுகள்: ஆங்கிலம், கணக்கு, தர்க்கம். ஒவ்வொன்றுக்கும் உச்சம் 800, கூட்டினால் 2400. அதில் எவ்வளவு வாங்கினால் எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு பணம் என்று துவாக்குடி ஆர்.இ.சி. விடுதியில் ஒரு வாய்மொழிப் பட்டியலே உண்டு. 2250 தாண்டினால் பெரிய இடம், ஃபுல் எய்டு. 2100 என்றால் ஏதாவது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணத் தள்ளுபடி. 2000-க்குக் கீழே போனால் பேசாமல் இந்தியாவிலேயே மேலே படிக்க கேட் தேர்வு எழுது. சீனியர் சொல்லி ஜூனியர் கேட்டு வருடா வருடம் அந்தப் பட்டியல் கைமாறியது. எந்தப் பல்கலைக்கழகமும் அதை அச்சிட்டு நாங்கள் பார்த்ததில்லை.

கே.கே. நகரில் அன்றைக்கு இவ்வளவு வீடுகள் கிடையாது. நடுநடுவே காலி மனைகள். மாடியில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. எங்கள் தெருவில் பெல் ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், தபால் துறைக்காரர்கள். அமெரிக்காவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் தெருவே கேட்டது ஒன்றைத்தான்: "தம்பி, எய்டு வந்துடுச்சா?" பணம் வராமல் இடம் மட்டும் கிடைப்பதில் பயனில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வீட்டை விற்றாலும் ஓராண்டுக் கட்டணத்துக்குக் காணாது.

அந்த ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பை அடுத்தடுத்து இரண்டு முறை குறைத்தார்கள். 21 ரூபாயாக இருந்த டாலர் 26-ஐ நெருங்கியது. ஜி.ஆர்.இ., டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் என்று எல்லாக் கட்டணமும் டாலரில். ஒரு டிராஃப்ட் எடுக்க வங்கியில் அரைநாள் போகும். அந்தப் பணம் வீட்டில் பல நாள் மளிகைக்கு ஆகும். ஆகவே, கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கேட்டு ஏரோகிராம் எழுதுவோம். எந்த இடம் சரியென்றதோ அங்கேதான் விண்ணப்பம் போகும். அங்கே என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று அறிய வேண்டுமானால், இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலையில் அமெரிக்கத் துணைத் தூதரக நூலகத்துக்குப் போய்த் தடித்தடியான கையேடுகளைப் புரட்ட வேண்டும். எங்கே படிப்பது என்பதை எங்கள் ஆர்வம் தீர்மானிக்கவில்லை, தள்ளுபடிதான் தீர்மானித்தது.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நண்பன் வீட்டுத் திண்ணையில்தான் படிப்பு. பாரன்ஸ் புத்தகம் ஒன்றே ஒன்று. அதில் 3,500 ஆங்கிலச் சொற்கள். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வீதியை அடைத்துக்கொண்டு போகும். நாங்கள் சொற்பட்டியலில் தலையை நுழைத்திருப்போம். அவனுடைய பாட்டி ஒருநாள் கேட்டார்: "ஏண்டா, இந்த வார்த்தையெல்லாம் அங்கே யாராவது பேசறாளா?"

அந்தக் கேள்வியைக் கேட்டது பாட்டி ஒருவர்தான். பின்னால் எங்களுக்குச் சம்பளம் தந்தது பேச்சு. ஓர் அரசுப் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவனுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் டி.ஏ., அதாவது இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தவும் விடைத்தாள் திருத்தவும் தரும் சம்பளம். வகுப்பில் நிற்பவரின் ஆங்கிலம் மாணவர்களுக்குப் புரிகிறதா என்று பல மாநிலங்கள் சட்டம் போட்டே சோதித்தன. அதற்கென்று டி.எஸ்.இ. என்ற தேர்வு இருந்தது. ஒலிநாடா இயந்திரத்தின் முன் உட்கார்ந்து பேச வேண்டும். ஆங்கிலப் பிரிவில் 700-க்கு மேல் வாங்கியவர்கள் அந்த இயந்திரத்தின் முன் திக்கியதைப் பார்த்திருக்கிறேன். இன்றும் டோஃபலின் பேச்சுப் பகுதியில் தனியாக ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் வைத்து டி.ஏ. தரும் பல்கலைக்கழகங்கள் நிறைய.

எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: இடம் உண்டு, பண உதவிக்கு வாய்ப்பில்லை. ஒரே ஓர் இடம் இரண்டையும் தந்தது. காரணம் என்னவென்று பல ஆண்டுகள் கழித்து என் ஆய்வு வழிகாட்டியே சொன்னார். எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுதிய பரிந்துரைக் கடிதம். கம்பைலர் ஒன்றை நான் எழுதியபோது எங்கே மாட்டிக்கொண்டேன், அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன், அதில் என் யோசனை எது, அவர் யோசனை எது என்று இரண்டு பக்கத்துக்குத் தட்டச்சு செய்திருந்தாராம். "உன் மதிப்பெண் எனக்கு நினைவில் இல்லை. அந்தக் கடிதம் நினைவிருக்கிறது" என்றார் வழிகாட்டி. அந்த ஆசிரியருக்கு நான் பட்ட கடன் தீராது.

பிறகு அமெரிக்காவிலேயே ஆசிரியனாகி, துறையின் முனைவர் பட்டச் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்தபோது மேசையின் மறுபக்கம் தெரிந்தது. கணினியியலுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் கணக்குப் பிரிவில் முழு மதிப்பெண்ணோ அதை ஒட்டியோ வாங்கியிருப்பார்கள். எல்லோரும் ஒரே உயரம் என்றால் அளவுகோலுக்கு வேலையில்லை. பணம் எங்கிருந்து வருகிறது என்பதே எங்கள் கவலையாக இருக்கும். ஆர்.ஏ. என்றால் ஒரு பேராசிரியர் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் எழுதி வாங்கிய மானியத்திலிருந்து உதவித்தொகை, கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போக வேண்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணமும் அதிகம். அந்த அறிவியல் நிறுவனம் மாணவர்களுக்கு நேரடியாகத் தரும் முதுகலை ஆய்வு உதவித்தொகையோ அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். எஃப்-1 விசாவில் இருப்பவர் பருவ வகுப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவும் முடியாது. ஆகவே ஓர் இந்திய மாணவரை எடுப்பது என்றால், ஒரு பேராசிரியர் தன் மானியத்தை ஐந்து ஆண்டுக்கு அவர் பேரில் எழுதிவைப்பது. அந்தத் துணிவை 2400-இல் 2300 தராது. இவர் என்னோடு உட்கார்ந்து, பதில் தெரியாத ஒரு கேள்வியை விடாமல் துரத்துவாரா என்பதற்குக் கோப்பில் ஏதாவது தடயம் வேண்டும்.

இருந்தாலும் மதிப்பெண்ணுக்கு ஒரு வேலை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. குழுவில் யாருமே கேள்விப்படாத ஊரிலிருந்து, யாருமே கேள்விப்படாத கல்லூரியிலிருந்து ஒரு விண்ணப்பம் வரும். பெரிய மதிப்பெண் இருந்தால் யாராவது ஒருவர், "இதைக் கொஞ்சம் முழுதாகப் படித்துப் பார்ப்போம்" என்பார். கணினியியலுக்கென்று தனியாக இருந்த ஜி.ஆர்.இ. பாடத் தேர்வு இன்னும் நல்ல சாட்சி. ஆராய்ச்சி வாய்ப்பே இல்லாத ஒரு பிள்ளை தன் ஆழத்தைக் காட்ட அது ஒரு வழி. 2013-இல் அந்தத் தேர்வை நிறுத்திவிட்டார்கள்.

பொதுத் தேர்வும் உருமாறிக்கொண்டே வந்தது. 2002-இல் தர்க்கப் பிரிவு போய் கட்டுரை வந்தது. 2011-இல் 800 போய் 170 வந்தது. எதிர்ச்சொல் கேள்விகளும் போயின. 2023 செப்டம்பரில் தேர்வு நேரம் இரண்டு மணிக்கும் கீழே இறங்கியது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே எழுதலாம் என்றார்கள். அதே காலத்தில் பல துறைகள் ஜி.ஆர்.இ.யே வேண்டாம் என்றன. இன்று எம்.ஐ.டி., பெர்க்லி போன்ற இடங்களின் மின்னியல்-கணினியியல் துறைகள் முனைவர் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. அமெரிக்காவில் இயற்பியல் முனைவர் மாணவர்களை வைத்து 2019-இல் வந்த ஓர் ஆய்வு, படிப்பை முடிப்பார்களா என்பதை ஜி.ஆர்.இ. மதிப்பெண் சரியாகக் காட்டுவதில்லை என்றது. அந்த முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே என் கவலை.

இப்போது கே.கே. நகரில் எனக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண், திருச்சியை அடுத்த தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கடைசி ஆண்டு. அப்பா டவுன் பஸ் நடத்துநர். ஒருநாள் மாலை வந்து கேட்டாள்: "மாமா, ஜி.ஆர்.இ.ல 330 எடுத்தா பிஎச்.டி.க்கு ஃபண்டிங் கிடைக்குமா?"

"எந்தத் துறையும் அந்த எண்ணைப் பார்த்துப் பணம் தராதும்மா. நீ என்ன ஆராய்ச்சி பண்ணியிருக்க?"

"எங்க காலேஜ்ல அதெல்லாம் யாரும் பண்றதில்ல மாமா."

அவள் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று எங்களுக்குத் தேர்வுக்குக் கட்டப் பணமில்லை. ஆனால் தேர்வு எல்லோருக்கும் பொது. ஸ்ரீரங்கத்துத் திண்ணையிலும் அதே புத்தகம், அதே கேள்வி. இன்று எண்ணுக்குப் பதிலாகக் கேட்கப்படுவது ஆய்வுக் கட்டுரை, ஐ.ஐ.டி.யிலோ ஐ.ஐ.எஸ்சி.யிலோ கோடைக்கால ஆய்வு, பெயர் தெரிந்த பேராசிரியரின் கடிதம். இவை மூன்றும் பெரிய நிறுவனங்களின் மதிலுக்குள் இருக்கின்றன. துவாக்குடியில் என்.ஐ.டி. ஆகிவிட்ட எங்கள் கல்லூரியின் மாணவருக்கு அவை கைக்கு எட்டலாம். அதே தஞ்சாவூர் சாலையில் சில கிலோமீட்டர் தள்ளிப் படிப்பவருக்கு எட்டுவதில்லை.

தெருவின் கேள்வியும் மாறிவிட்டது. இப்போது "லோன் சாங்ஷன் ஆயிடுச்சா?" என்கிறார்கள். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வேறெந்த நாட்டையும்விட அதிகம். அவர்களில் பெரும்பகுதி முதுநிலைப் பட்டத்துக்குப் போனவர்கள். அதற்குப் பணம் வருவது அரிது, கடன்தான். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி சொத்து ஈடு கேட்கும். எங்கள் தெருவிலும் சில வீடுகளின் பத்திரம் இப்போது வங்கியில் இருக்கிறது. கணினியியலில் முனைவர் பட்டத்துக்கு இடம் தரும் நல்ல ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் அநேகமாக இடத்தோடு பணத்தையும் சேர்த்தே தருகின்றன, அதற்கு முதுநிலைப் பட்டம் கட்டாயமும் இல்லை என்பதை அந்த வீடுகளில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

காலமும் இறுகிவிட்டது. 2025 தொடக்கத்தில் ஆராய்ச்சி மானியங்கள் வெட்டப்பட்டபோது பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முனைவர் சேர்க்கையைக் குறைத்தன. அனுப்பிய சேர்க்கைக் கடிதங்களைத் திரும்பப் பெற்ற இடங்களும் உண்டு. மே கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி தருவதை நிறுத்தி, ஜூனில் சமூக ஊடகக் கணக்குகளையும் சோதிப்போம் என்ற நிபந்தனையோடு மறுபடி தொடங்கினார்கள். எவ்வளவு நல்ல கோப்பும் இதற்கு முன் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே அந்தப் பெண்ணிடம் அமெரிக்காவை மட்டும் நம்பாதே என்றேன். ஜெர்மனியில் முனைவர் மாணவர் பலரைப் பல்கலைக்கழகமே ஊழியராக எடுத்துச் சம்பளம் தருகிறது. இங்கேயே 2018-இல் தொடங்கிய பிரதமர் ஆய்வு உதவித்தொகை மாதம் 70,000 முதல் 80,000 ரூபாய் வரை. இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்று சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு எந்தக் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம். நான் விண்ணப்பப் படிவத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்துக் கிடந்த அதே 1991 ஆகஸ்டில்தான் லாஸ் அலமோஸில் ஆர்க்கைவ் என்ற ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியம் தொடங்கியது. முதலில் இயற்பியல், பிறகு கணினியியலும் சேர்ந்தது. தூதரக நூலகத்துக்கு ரயிலேறிப் போய் நாங்கள் தேடியதைவிடப் பல மடங்கு, இன்று கே.கே. நகரில் ஒரு கைப்பேசியில் காசில்லாமல் கிடைக்கிறது. வாரம் ஒரு கட்டுரையை அவளும் நானும் சேர்ந்து படிக்கிறோம். கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறாள்.

திருச்சியைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரி ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மாணவரையே பரிந்துரைக் கடிதம் எழுதிவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர் என்ற கடிதங்களை ஆயிரக்கணக்கில் படித்துவிட்டுச் சேர்க்கைக் குழுக்கள் ஓரமாக வைத்துவிடுகின்றன. மதிப்பெண் கேட்பது நின்றுபோன இடங்களில் உங்கள் கடிதத்தின் எடை கூடியிருக்கிறது. வருடத்துக்கு ஒரே ஒரு மாணவரோடாவது ஒரு சிறிய ஆய்வுக் கேள்வியை எடுத்து வேலை செய்யுங்கள். அதில் அவர் செய்ததைச் செய்தபடி இரண்டு பக்கம் நீங்களே எழுதுங்கள். விண்ணப்பங்களின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் நடுவில். ஆடி மாதமே அந்த மாணவரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.