துரை கொண்டுவந்த இலையுதிர் காலம்

இலையுதிர் காலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்குத் தெரியும், கொரிய டிராமா. மஞ்சள் இலை கொட்டிய சாலை, முழங்கால் வரைக்கும் கோட்டு, கழுத்தில் மஃப்ளர், கண்ணில் விழலாமா வேண்டாமா என்று நிற்கிற ஒரு சொட்டுக் கண்ணீர். இதற்கும் மலாக்காவில் அலோர் காஜா மாவட்டத்து ரெம்பியாவுக்கும் என்ன சம்பந்தம்? பூமத்திய ரேகைக்கு இரண்டு டிகிரி சொச்சம் தள்ளியிருக்கிற ஊரில் மஃப்ளர் கட்டி நடந்தால் காதல் வராது, வேர்க்குரு வரும்.

ஆனால் கேளுங்கள். ரெம்பியா சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நிஜமாகவே இலையுதிர் காலம் இருந்தது. இலை மஞ்சளாகி, ஆரஞ்சாகி, செம்பு நிறத்துக்கு வந்து, மொத்தமாகக் கொட்டிவிடும். நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஒரே ஒரு சின்னச் சிக்கல், அது வருவது பிப்ரவரி, மார்ச்சில். சியோலில் பனி உருகுகிற நேரத்தில் ரெம்பியாவில் இலை உதிரும். ரப்பர் மரம் பிரேசில் நாட்டுப் பிரஜை. நம்ம காலண்டரை அது மதித்ததே இல்லை.

இந்த மரத்தை நம் பக்கம் திருப்பிவிட்ட ஹீரோவின் பெயர் ஹென்றி விக்கம். 1876ல் அமேசான் கரையில் சான்டரேம் பக்கம் 70,000 விதைகளைப் பொறுக்கிக் கப்பலேற்றி, லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். சுங்க அதிகாரிகளின் கண்ணில் மண்ணைத் தூவி, உயிரைப் பணயம் வைத்துக் கடத்தினேன் என்று பிற்பாடு மனுஷன் கொடுத்த பில்டப் இருக்கிறதே, ஜேம்ஸ் பாண்டுக்கே தாத்தா! உண்மை என்னவென்றால், ரப்பர் விதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அப்போது பிரேசிலில் சட்டமே கிடையாது. செய்யாத திருட்டுக்கு ஆயுசு முழுக்க மார்தட்டிய ஆள் சரித்திரத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆயிரம் விதைக்கு 10 பவுன் என்று பேச்சு. முளைத்தது ஏறத்தாழ 2,700. மிச்சமெல்லாம் கோவிந்தா. விக்கமும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் புகையிலை போட்டார், நொடித்தார். பிரிட்டிஷ் ஹோண்டுராசுக்குப் போனார், நொடித்தார். பாப்புவா பக்கம் தீவு பிடித்துக் கடற்பஞ்சு வளர்த்தார், அதுவும் போச்சு. கடைசியில் 1920ல் 'சர்' பட்டம் கொடுத்தார்கள். பட்டம் கொடுக்க 44 வருஷம் பிடித்தது. லாபம் எடுக்க அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை.

இந்த 70,000 என்ன பெரிய எண்ணிக்கை? ஆகஸ்ட், செப்டம்பரில் ரப்பர்க் காய் வெடிக்கும். பட்டென்று சத்தம் கேட்கும், கொட்டை எங்கோ தெறித்து விழும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் கால்சட்டைப் பை கிழியப் பொறுக்குவார்கள். சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூடேறியதும் பக்கத்தில் நிற்கிறவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவார்கள். நாலு வாண்டுகளை அவிழ்த்துவிட்டால் விக்கமின் மூட்டையை அசால்ட்டாக நிரப்பியிருப்பார்கள். அவர்களுக்குப் பட்டம் ஏதும் வரவில்லை. வந்தது அம்மாவின் அகப்பை.

சரி, 1877ல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. வளர்ந்தன. சீந்துவார் இல்லை. 1888ல் அங்கே தாவரவியல் தோட்டத்துக்குத் தலைவராக வந்தார் ஹென்றி ரிட்லி. கல்யாண வீட்டில் இன்ஷூரன்ஸ் விற்கிற சித்தப்பாவைப் பார்த்திருப்பீர்களே, அதே ரகம். எந்தத் துரை எதிரில் வந்தாலும் கோட்டுப் பையில் ரப்பர்க் கொட்டையைத் திணித்து, போட்டுப் பாருங்கள் என்பார். காப்பி போட்டுக்கொண்டிருந்த துரைமார் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார்கள். மரம் சாகாமல் பட்டையைக் கீறிப் பால் எடுக்க வழி சொன்னதும் அந்தப் பைத்தியம்தான். 1956 வரை, நூறு வயது வாழ்ந்தார். கல்யாணம் எண்பது வயதைத் தாண்டி. ரப்பரைப் பற்றி ஊரையே விரட்டி விரட்டிப் பேசியவர், தன்னைப் பற்றி ஒருத்தியிடம் பேச அவ்வளவு நாள் யோசித்திருக்கிறார்.

ரிட்லியின் வலையில் முதலில் விழுந்தது நம்ம மலாக்கா ஆள். துரைகூட இல்லை. தான் சாய் யான் என்கிற பாபா சீனர், 1896ல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் போட்டார். அதுவரை மலாக்காவில் திரும்பின பக்கமெல்லாம் மரவள்ளிக்கிழங்குதான். சாய் யான் குடும்பமும் கிழங்குக் குடும்பமே. அப்புறம் புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் போட்டு, வளர்த்து, 20 லட்சம் டாலருக்கு ஓர் இங்கிலீஷ் கம்பெனியிடம் தள்ளினார். சிரித்துக்கொண்டிருந்த துரைமாருக்குத் திடீரென்று ரிட்லி தெளிவாகத் தெரிந்தார். மரவள்ளி ஓரமாகப் போய் நின்றது. 'பார்த்துக்கிறேன்' என்று முனகியிருக்கும். அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது.

மரம் வந்தாச்சு, பால் வெட்ட ஆள்? ஆள் பிடிக்கிற கண்காணி தமிழ்நாட்டுக்குப் போனார். சொர்க்கமே அங்கேதான் இருக்கிறது என்று சத்தியம் செய்து, கப்பல் கப்பலாக நம் ஆட்களை ஏற்றிவந்தார். இன்றைய ரியல் எஸ்டேட் பிரசுரத்தில் 'டவுனுக்கு ஐந்தே நிமிடம்' என்று போடுகிற மகானுபாவர்கள் எல்லாம் அந்தக் கண்காணியின் கால் தூசு பெறமாட்டார்கள்.

இப்போதுதான் நம்ம இலையுதிர் காலம் தன் வேலையைக் காட்டுகிறது. இலை கொட்டினால் மரம் தன் பலத்தையெல்லாம் துளிர் விடப் போட்டுக்கொள்ளும். பால் குறையும். பால் பிடிக்கிற மங்கு பாதிகூட நிரம்பாது. எடை குறைந்தால் கைக்கு வருவதும் குறையும். கவனியுங்கள், லீவு எடுப்பது மரம், சம்பளம் பிடிப்பது வெட்டுகிறவருக்கு!

அந்த மாதங்களில் லயத்து அடுப்படிதான் உண்மையான நிதியமைச்சகம். கறி கருவாடாகும். கருவாடு கருவாட்டுத் தலையாகும். தலை ரசமாகும். ரசம் நாளாக நாளாகக் கண்ணாடி மாதிரி தெளியும். கூடவே கொல்லை முருங்கைக்கீரை, அவித்த மரவள்ளி, தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பல். இதையே இன்று கோலாலம்பூரில் வாழையிலை விரித்து, மங்கலான விளக்குப் போட்டு, 'பாரம்பரிய தோட்டத்து விருந்து' என்று எழுதினால் ஒரு தட்டுக்கு 40 ரிங்கிட் வாங்கலாம். பாட்டிக்குத் தெரிந்தால் பில்லைப் பார்த்து மயங்கமாட்டார், மீதி வாழ்நாளுக்கும் பின்தேதியிட்டுப் பில் போடுவார்.

குளிரா? இருந்தது ஐயா. விடியற்காலை ஐந்து மணிக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நின்று பாருங்கள். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். ஆகவே இருட்டோடு எழுந்து, பழைய முழுக்கைச் சட்டை, கைலி, தலைக்கட்டு, நெற்றியில் விளக்கு. ரப்பர்ப் பால் காய்ந்து காய்ந்து அந்தச் சட்டை தானாகவே நிற்கும், ஆணி வேண்டாம். தூங்குகிற பிள்ளையைக் கைலியில் சுருட்டி, ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு ஓட வேண்டும். 24 டிகிரிதான். ஆனால் அந்த 24ல் பல் கிட்டும். லண்டன்காரர் கேட்டால் சிரிப்பார். சிரிக்கட்டும், அவருடைய உடுப்பைப் பார்த்தால் நமக்கும் சிரிப்பு வரும்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர் வெயில் நாட்டுக்கு வரும்போது வயிற்றில் கம்பளிப் பட்டை கட்டிக்கொள்வார். எதற்கு? வயிறு குளிர்ந்தால் காலரா வருமாம்! தலையில் நெட்டித் தொப்பி, இல்லாவிட்டால் சூரியன் மண்டையைத் துளைத்து மூளையை வேகவைத்துவிடுமாம். துரை வீட்டுக் குழந்தைக்கும் அதே குட்டித் தொப்பி. வேலிக்கு அந்தப் பக்கம் லயத்துப் பிள்ளை அரைஞாண் கயிறு ஒன்றே உடுப்பாக நண்பகல் வெயிலில் தும்பி பிடித்துக்கொண்டிருக்கும். அதன் மூளை வெந்ததாக எந்தத் துரையும் ரிப்போர்ட் எழுதவில்லை.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குக் கோதுமை மாவுச் சாக்கில் தைத்த கால்சட்டை. துவைத்தாலும் போகாத மாவுக் கம்பெனி முத்திரை சரியாகப் பின்பக்கத்தில் உட்காரும். நிகர எடையும் சேர்ந்து தெரியும். அன்று அது வறுமை. இன்று பின்பக்கம் கம்பெனி பெயர் போட்ட கால்சட்டைக்கு முந்நூறு வெள்ளி கொடுக்கிறோம். அதற்குப் பெயர் பிராண்ட்.

ஐப்பசியில் தீபாவளி. மழைக்காலமும் அப்போதுதான். விடியலில் மழை பிடித்தால் மரம் நனையும், வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. கையில் காசு இல்லாத மாதம் பார்த்துத்தான் பண்டிகை வரும். சைக்கிளில் மூட்டை கட்டிவரும் துணிக்காரரிடம் கடனுக்கு ஒரே சுருளில் துணி எடுப்பார்கள். அண்ணனுக்குச் சட்டை, தங்கைக்குப் பாவாடை, தம்பிக்குச் சட்டையும் கால்சட்டையும், மீதித் துண்டில் தலையணை உறை, ஜன்னலுக்குத் திரை. தம்பி ஜன்னலோரம் நின்றால் ஆளைத் தேட வேண்டும். இப்போது குடும்பமே ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு போட்டோ போடுகிறார்களே, 'கலர் தீம்' என்று, அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று நினைத்தீர்கள்? கடன்காரத் துணிக்காரர்.

இந்த மழையில் முறுக்குச் சுட வேறு வேண்டும். விறகு ஈரம், அடுப்பு புகையும், கண் எரியும். அம்மா பேசாமல் ஒரு விரல் அளவு ஒட்டுப்பாலை, அதாவது மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பரை, கிள்ளி விறகுக்கடியில் செருகுவார். குப்பென்று பிடித்துக்கொள்ளும். நாற்றம் ஊரைத் தூக்கும், அடுப்பு எரியும். சுட்ட முறுக்கு நமத்துப் போகாமல் பிஸ்கட் டின்னில் அடைபடும். ஆனால் அந்த ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து. கணக்கெழுதுகிற கிராணி கண்ணில் பட்டால் திருட்டு. ஒரு மூட்டை ரப்பர்க் கொட்டையைத் திருடினேன் என்று சொல்லிக்கொண்டவர் சர் ஹென்றி. ஒரு கிள்ளு ரப்பரை எடுத்து முறுக்குச் சுட்டவர் கள்ளி. சரித்திரத்தில் எப்போதும் மொத்த வியாபாரத்துக்குத்தான் மரியாதை.

அதே மழைக்காலத்தில், நவம்பரில், துரைமார் கிளப்பிலும் விசேஷம். தோட்டத் துரைகளில் பல பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். நவம்பர் 30 அவர்களுடைய செயின்ட் ஆண்ட்ரூஸ் திருநாள். பாவாடை மாதிரி கம்பளிக் கில்ட், முழங்கால் வரை கம்பளிக் காலுறை. இரவு முழுக்க அதோடு நடனம், ஆறு போல வியர்வை. நடுவில் பைப் வாத்தியம் முழங்க, எல்லோரும் எழுந்து நிற்க, தட்டில் பவனி வரும் ஹாகிஸ். அது என்ன அமிர்தம்? ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை நறுக்கி, ஓட்ஸ் கலந்து, அதன் இரைப்பையிலேயே அடைத்து வேகவைத்தது. அடப்பாவமே, நம்ம குடல் குழம்பின் பெரியப்பா! தீபாவளியன்று லயத்தில் பங்குபோட்டு வெட்டிய ஆட்டின் குடலைத் தோசையோடு முடித்து, கையும் கழுவியாயிற்று. வாத்தியம் இல்லை, பவனி இல்லை, யாரும் எழுந்து நிற்கவில்லை. சீரகம் மட்டும் இருந்தது. துரைக்கு அதுதான் இல்லை.

மற்ற நாளில் துரை பங்களாச் சாப்பாடு டின்னிலிருந்து வரும். சிங்கப்பூரில் 1903ல் தொடங்கிய கோல்ட் ஸ்டோரேஜ் கம்பெனி உறைய வைத்த இறைச்சியையும் வெண்ணெயையும் ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்கியது. வாசலில் ரம்புத்தானும் பலாவும் அழுகிக் கிடக்க, மேஜையில் டின் பீச். ஊர் ஏக்கம் என்றால் அதற்கும் ஓப்பனர் தேவைப்பட்டது.

பிறகு 1942. ஜப்பான்காரன் வந்தான். துரைமார் போனார்கள், தொப்பியும் போனது. அரிசியும் போனது, அதுதான் வலி. ரப்பரை வாங்க ஆளில்லை. அப்போது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாரே ஒருவர், ஞாபகம் இருக்கிறதா? மரவள்ளியார்! பார்த்துக்கிறேன் என்றாரே. அவித்து, சுட்டு, மாவாக்கி, ரொட்டியாக்கி மூன்று வருஷத்துக்கு மேல் மலாயாவே அவரைத்தான் தின்றது. அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் சிலர் அதற்குப் பிறகு கிழங்கைக் கண்ணால் பார்ப்பதில்லை. பேரப்பிள்ளைகள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் எழுந்து வேறு அறைக்குப் போவார்கள். உலகத்தையே டயர் போட்டு ஓட்டிய மரத்தால் ஒரு வேளை பசியாற்ற முடியவில்லை.

இப்போது தோட்டங்களில் செம்பனை. அது சேர்ந்தாற்போல இலை உதிர்க்காது, நிறம் மாறாது, உணர்ச்சியே காட்டாது. அதனால் இலையுதிர் காலம் ரத்து. அது பேரங்காடிக்குக் குடிபோய்விட்டது. அக்டோபரில் பிளாஸ்டிக் மேப்பிள் இலை தொங்குகிறது, குழந்தைகள் சூனியக்காரி உடையில் சாக்லேட் கேட்கிறார்கள். தமிழ்ப்பள்ளி மாறுவேடப் போட்டியிலோ பாரதியார் இன்னமும் கம்பீரமாக மேடையேறி, இரண்டாவது வரியிலேயே வியர்வையில் மீசை வழிய இறங்குகிறார். வசதியுள்ளவர்கள் நிஜ இலை பார்க்கக் கொரியாவுக்கு டிக்கெட் போடுகிறார்கள். தாத்தாவும் பார்த்தார், அதே செம்பு நிறம். டிக்கெட்டுக்குப் பதிலாக அவருக்குக் கூலியில் கழித்துக்கொண்டார்கள்.

கடைசியாக, மரியாதை யார் யாருக்குப் போனது என்று ஒரு கணக்கு. விக்கமுக்குப் பட்டம். ரிட்லிக்கு நூறாண்டு ஆயுசு. தான் சாய் யானுக்கு ஆர்க்கிட். அவர் மகன் உருவாக்கிய கலப்பின மலருக்கு 'வாண்டா தான் சாய் யான்' என்று பெயர். 1954ல் லண்டன் செல்சி மலர்க்காட்சியில் பரிசே வாங்கிற்று. லயத்து அம்மாவின் பெயரில் எந்தப் பூவும் இல்லையே என்று நீங்கள் உருகுவது புரிகிறது. உருகாதீர்கள். கொண்டுபோய் நீட்டினால் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொரியலுக்கு ஆகுமா, கூட்டுக்கு ஆகுமா என்றுதான் முதலில் கேட்பார்.