சருகுமானும் சிரட்டையும்

கேள்வி: தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்தால், சருகுமான் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பேரன் சிரிப்பை நிறுத்திவிடுகிறானே? (ஒரு பாட்டி, பத்து பெரண்டாம்)

பதில்: ஓடுவது சருகுமான்தான் என்று அவனுக்குச் சாட்சி சொன்னது கண்ணா, காதா, பாட்டியம்மா? எடையும் உயிருமற்ற சில கோடுகளின் கூட்டமாகிய ஒரு சித்திரம், அடியெடுத்து வைக்கும் தருணத்தில் மெல்லிய மரத்தட்டோசை கேட்டால் குறும்புக்காரப் பிராணியாகவும், அதே நடையில் முரசொலியோடு வந்தால் ஊரை விழுங்க வந்த ராட்சசனாகவும் ரூபம் கொள்ளும் விந்தையை உணர்ந்துதான், 1928இல் வால்ட் டிஸ்னி தம் மிக்கி எலிக்குச் சொந்தக் குரலையே ஈந்தார். நம் ஆனந்தம் சேவியர் 1978இல் உருவாக்கிய, மலேசியாவின் முதல் அசைபடமாகிய 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' எனும் சருகுமான் கதை, 1983இல்தான் தொலைக்காட்சிக்கு வந்தது. அச்சருகுமானின் மூதாதை இளவரசன் பரமேஸ்வரனின் வேட்டைநாயை உதைத்துத் தள்ளி மலாக்கா ராஜ்யத்துக்கே காரணமாயிற்று என்பது ஐதிகம்; நாய் விழுந்த ஓசையைத்தான் எவரும் பதிவு செய்யவில்லை.

கேள்வி: அப்படியானால் படத்தில் வரும் குதிரைக் குளம்பொலிக்கு நிஜக் குதிரை வேண்டாமா?

பதில்: இரண்டு தேங்காய்ச் சிரட்டை போதும், புல் கேட்பதில்லை. பனியில் நடக்கும் ஓசைக்கோ, தோல் பையில் சோளமாவை அடைத்துக் கசக்குவார்கள். பேரனிடம் இதைச் சொல்லாதீர்கள். நாளைச் சட்னிக்குத் தேங்காய் மிஞ்சாது.