தேர்த்தட்டு வீரர்

டோக்கியோ நகரத்து அகிஹாபராவில் ஆட்டக்கூடங்களுக்குள் நுழைபவர் இந்த மகானுபாவரைத் தரிசிக்காமல் வெளியேறுவது அரிது. பகலெல்லாம் மேலதிகாரிகளைக் குனிந்து வணங்கிக் களைத்த நாற்பது பிராயத்தவர், மாலையில் கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, 100 யென் நாணயங்களைக் கோபுரமாக அடுக்கிவைத்து, பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கையிலெடுத்துவிட்டாரானால், நடைப்பிணங்களின் சேனையிலிருந்து லோகத்தை ரட்சிக்கும் பாரம் முழுவதும் அவர் தலைமேல் விழுந்துவிடும்.

ஆனால் அந்தப் பராக்கிரமத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. விரல் அவருடையது, கால்கள் இயந்திரத்துடையவை. எந்த வாசலில் நுழைவது, எந்தப் படியில் ஏறுவது, எப்போது திரும்பிப் பார்ப்பது என்பதெல்லாம் முன்பே நிச்சயிக்கப்பட்டுத் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடும். ‘டைம் கிரைசிஸ்’ போன்ற சில ஆட்டங்களில் மட்டும் ஒரு மிதிகட்டை உண்டு. மிதித்தால் போர், விட்டால் பதுங்கல். கால்களுக்குக் கிடைத்த சுயராஜ்யம் அவ்வளவே.

அர்ச்சுனனும் தேர் ஓட்டவில்லையே என்று நாம் அவருக்காக வாதாடலாம். ஆயினும் அர்ச்சுனனுக்கு வில்லைக் கீழே போட்டுவிட்டுச் சாரதியோடு தர்க்கம் செய்யும் உரிமை இருந்தது. பதிலாகப் பதினெட்டு அத்தியாயம் கிடைத்தது. நம்மவர் தோட்டா தீர்ந்து திகைத்து நின்றால், ‘ரீலோட்!’ என்ற ஒற்றைச் சொல்லே உபதேசம்.

எந்தப் பீப்பாயின் பின்னிருந்து எந்தப் பிணம் எழும் என்பது, புரோகிதருக்கு மந்திரம்போல அவருக்கு மனப்பாடம். ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் யுத்தத்தில் ஆச்சரியம் என்பது எப்போதோ அஸ்தமித்துவிட்டது. 1998-இல் சேகா கம்பெனியார் வெளியிட்ட ‘ஹவுஸ் ஆஃப் தி டெட் 2’ ஆட்டத்தில், அபாயத்தில் சிக்கிய ஒருவனைக் காப்பாற்றினால் பாதை வேறு பக்கம் திரும்புவதுண்டு. தம் வாழ்நாளில் கண்ட ஒரே முச்சந்தி அதுதான் என்பதுபோல் அவர் அதைச் சிலாகிப்பார். வீட்டிலோ, பழைய துப்பாக்கிகளுக்குத் தட்டைத்திரையில் கண் தெரியாது என்ற காரணத்தால், படக்குழாய்த் தொலைக்காட்சி ஒன்று, மனைவியின் ஆட்சேபணைகளைப் பொருட்படுத்தாமல் பாதி அறையை ஆக்கிரமித்திருக்கிறது.

இஷ்டப்படி எங்கும் திரியலாம் என்று மலையும் வனமுமாக விரிந்த நூதன ஆட்டமொன்றை அவரும் ஒருமுறை ஆடிப் பார்த்தார். அரைமணி நேரம் வரைபடத்தையும், செய்ய வேண்டிய காரியங்களின் ஜாபிதாவையும் படித்துவிட்டு, இதற்குத்தான் ஆபீஸ் இருக்கிறதே என்று எழுந்துவிட்டார். வழியைப் பற்றிய விசாரமே இல்லாமல் குறி ஒன்றிலேயே சித்தம் லயிப்பதும், சுட்டது சுட்டவுடன் விழுவதும், அவருக்குப் பகலில் எந்தக் கோப்பும் தராத ஆனந்தம்.

நாணயக் கோபுரம் கரைந்ததும் வெற்றிவீரராக வீதிக்கு வருகிறார். எதிரே பாதை இரண்டாகப் பிரிகிறது. யாரோ தம்மை நகர்த்தப்போகிறார்கள் என்று காத்திருப்பவர்போல், சிறிது நேரம் அசையாமல் நிற்கிறார். சட்டைப்பையில் கைபேசி ஒலிக்கிறது: வரும் வழியில் டோஃபு வாங்கிவர வேண்டுமாம். கால்கள், பழக்கப்பட்டபடியே, இடப்பக்கம் நடக்கத் தொடங்குகின்றன.