பிரபல வர்த்தகரின் நினைவு மலர்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரை ஊர்களில் ஒரு கடை முதலாளி கண்ணை மூடினால், 31ஆம் நாளுக்குள் அவர் பெயரில் ஒரு புத்தகம் வந்தாக வேண்டும். நினைவு மலர், கல்வெட்டு என்றெல்லாம் சொல்லப்படும் அந்தப் புத்தகத்துக்கு விலையும் இல்லை, விமர்சனமும் இல்லை. குருக்கள்மடம் போன்ற ஓர் ஊரில், கடன் கொப்பியைத் தவிர வேறெதிலும் பேனை வைக்காத மனிதர் ஒரு நூலின் நாயகர் ஆவது இப்படித்தான்.

மலரின் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. அட்டையில் படம். அது அடையாள அட்டைக்கு எடுத்ததாக இருக்கும். இல்லாவிட்டால் யாருடையதோ கலியாணப் படத்திலிருந்து வெட்டியதாக இருக்கும். இரண்டாவது வகையில், முதலாளியின் தோளில் உரிமையாளர் இல்லாத ஒரு கை கிடக்கும். உள்ளே பிள்ளையார் துதி, தேவாரம், திருவாசகம். பிறகு இறந்த ஆண்டு, மாதம், திதி எல்லாவற்றையும் நாலு அடிக்குள் அடைக்கும் திதி வெண்பா.

அடுத்து வருபவை புலம்பல்கள். வாழ்நாள் முழுக்க “இஞ்ச பாருங்க” என்பதற்கு மேல் ஒரு சொல் கூட்டிப் பேசாத மனைவி, அங்கே எதுகை மோனை பிசகாமல் புலம்புவார். மக்களும் மருமக்களும் அவரைத் தொடர்வார்கள். பல் முளைக்காத பேரன்கூட விருத்தத்தில்தான் அழுவான். எல்லாருக்குமாக அழுது கொடுத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்பது ஊரறிந்த விஷயம். வாசிப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டேதான் கண்ணைத் துடைக்கிறார்கள்.

வாழ்க்கை வரலாறு பட்டங்களோடு தொடங்கும்: பிரபல வர்த்தகரும், சமாதான நீதவானும், ஆலய முன்னாள் வண்ணக்கரும். ஒரு பலசரக்குக் கடையும் ஒரு நெல் லொறியும் இருந்தால் முதற் பட்டம் நிச்சயம். லொறி இல்லாவிட்டாலும் யாரும் தடுப்பதில்லை. சமாதான நீதவான் என்றால் ஆவணங்களை உறுதிப்படுத்திக் கையொப்பமிட்டு முத்திரை குத்துபவர். ஆகவே அந்தக் கடைக்குச் சீனி வாங்க வருபவரும் உண்டு, கையெழுத்து வாங்க வருபவரும் உண்டு. வண்ணக்கர் பதவி கோயில் நிர்வாகம் சார்ந்தது. பல கோயில்களில் குடிமுறைப்படி, அதாவது தாய்வழிக் குல முறைப்படி, கிடைப்பது.

இவ்வளவுக்கும் பிறகு, அவருடைய பகல் முழுவதையும் தின்ற கடைக்கு மலரில் கிடைப்பது ஒற்றை வரி. பெரிய அநியாயம் இதுதான். குருக்கள்மடத்துத் துறையில் படகுப்பாதை ஏறினால் வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறை. அதோடு படுவான்கரை தொடங்குகிறது. வயலும் மாடும் உள்ள பக்கம். இப்படியான இடத்தில் கடை வைத்தவருக்கு விதைப்புக் காலத்தில் வியாபாரம் என்றால் கடன் கொடுப்பதுதான். “வெள்ளாமை வெட்டினதும் தாறன், முதலாளி” என்ற ஒரு வாக்குதான் பிணை. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். இடையில் யானை வயலுக்குள் இறங்கினால் கணக்கு அடுத்த போகத்துக்குத் தள்ளப்படும். யானையிடம் வசூலித்த வர்த்தகர் இதுவரை இல்லை.

கடை கண்ட காலங்களும் லேசானவை அல்ல. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு; கடை அலுமாரியில் சாமான் இல்லை. 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்தது, சாமான் வந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது. பின் யுத்தம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. மலர் எழுதுபவர் இத்தனையையும் “பல இன்னல்களுக்கு மத்தியிலும்” என்ற மூன்று சொல்லில் முடித்துவிட்டு, அடுத்த வரியில் முதலாளியைக் கோயில் திருப்பணிக்கு அனுப்பிவிடுவார்.

குடும்பப் பகுதிதான் உண்மைக்குக் கிட்ட வருகிறது. மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். இந்தப் பக்கத்துத் தாய்வழி உரிமை முறையைக் கிறிஸ்டோபர் பிரிட்டோ 1876இல் முக்குவர் சமூகத்தின் சட்டம் பற்றிய நூலாகவே எழுதினார். சட்டம் பிறகு வழக்கொழிந்தது. வீடு கட்டும் கடமை ஒழியவில்லை. நாலு பெண் பெற்ற வர்த்தகர் நாலு வீடு கட்டுவார். ஒவ்வொரு கலியாணத்தோடும் தாயும் தகப்பனும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவுக்கு நகர்வார்கள். ஊரிலேயே அதிகம் வீடு கட்டியவர் கடைசியில் பின்வளவுக் குசினியோடு ஒட்டிய அறையில் சாய்மனைக் கதிரையில் இருப்பார். மலரில் இது “பிள்ளைகளைக் கரைசேர்த்தார்” என்று வரும். இந்த ஒரு வரியில் மட்டும் மிகை இல்லை.

கடைசிப் பக்கங்களில் வம்சாவளியும் நன்றி நவிலலும். ஊர்ச் சரித்திரம் தேடுபவர்களுக்கு வெண்பாவைவிட வம்சாவளியே உதவும். 2005 முதல் இயங்கும் “நூலகம்” என்ற எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களும் ஆவணங்களாகச் சேர்க்கப்படுகின்றன. வீட்டு அலுமாரியில் பழைய மலர் வைத்திருப்பவர்கள் ஒரு பிரதியை அங்கே கொடுக்கலாம். புதிதாக அச்சிடப் போகிறவர்கள், புலம்பலில் ஒரு பக்கத்தைக் குறைத்து, கடை எந்த ஆண்டு திறந்தது, என்னென்ன விற்றது, சாமான் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிடுங்கள். கடன் கொப்பி மீந்திருந்தால் அதையும் எறியாதீர்கள்.